நிலவறைக்கு மேலே இருப்போர்

கலைவடிவம் எதுவாயினும் அது தான் தோன்றிய சமுதாயத்தின் முத்திரையைத் தாங்கியே நிற்கும் என்பது முற்போக்கு விமர்சகர் யாவருக்கும் உடன்பாடான கருத்து. நாவலையும் நாடகத்தையும் சினிமாவையும் இந்நோக்கிலே ஆராய்ந்து பழகிய நாம், கணினி விளையாட்டு என்றதும் மாத்திரம் முகஞ்சுளிக்கின்றோம். பொழுதைக் கொல்லும் பண்டம் என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புக் கூறி அப்பாற் சென்றுவிடுகின்றோம். நம் மாணவர் இரவிரவாக அதன் முன்னே அமர்ந்திருக்கின்றனர். ஆசிரியராகிய நாமோ அதற்குள்ளே என்ன நிகழ்கிறதென்று அறியாமலே அதனைக் கண்டிக்கின்றோம். அறியாததைக் கண்டிப்பது விமர்சனமாகாது. இக்குற்றத்திலிருந்து நானும் நெடுங்காலம் விலகி நின்றவனல்லன்.

சென்ற ஆண்டிலே மாணவன் ஒருவனின் கணிதக் கொப்பியைத் திருத்தும்போது, கட்டமிட்ட தாள்களிலே விசித்திரமான வரைபடமொன்றைக் கண்டேன். சுவர், கதவு, படிக்கட்டு, படுகுழி ஆகியவற்றுக்கெல்லாம் தனித்தனிக் குறிகள் இடப்பட்டிருந்தன. நான் கற்பித்த கேத்திரகணிதத்திலே அவன் அத்துணை அக்கறை காட்டியதில்லை. விசாரித்தபோது, அது நிலவறையொன்றின் படம் என்றும், பழைய விளையாட்டொன்றிலே அடியடியாக நடந்து தானே வரைந்தது என்றும் கூறினான். அரசன் ஒருவனின் பொருளை மீட்டுவருவதற்காக ஆறுபேர் அந்நிலவறையுள் இறங்குகின்றனராம். கதையைச் சொல்லி முடித்தவன், "சேர், அந்த அரசன் ஏன் தானே இறங்கிப் போகவில்லை?" என்று கேட்டான். என்னிடம் விடை இருக்கவில்லை. அக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

நிலவறை விளையாட்டு என்று இங்கு நான் குறிப்பது ஒரு குறித்த வகையினை. விளையாடுவோன் உலகை மேலிருந்து பார்ப்பதில்லை. நிலவறைக்குள் நிற்பவனின் கண்கொண்டே பார்க்கிறான். அவன்முன் ஒரு தாழ்வாரம், ஒரு கதவு, அதற்கப்பால் இருள். அடுத்த திருப்பத்துக்கு அப்பால் என்ன இருக்கிறதென்பதை நடந்துசென்றே அறிதல் வேண்டும். மேலிருந்து நோக்குபவனுக்கு முழு வழியும் தெரிந்திருக்கும். உள்ளே நிற்பவனோ தன் அறிவைத் தன் காலடிகளாலேயே ஈட்டுகிறான். ஆகவேதான் இவ்விளையாட்டுக்களிலே வரைபடம் தயாரிப்பது விளையாட்டின் பிரதான உழைப்பாயிற்று. உருவம் பற்றிய இவ்வுண்மையை முதலில் மனங்கொள்ளல் நன்று; உள்ளடக்கம் பற்றிய வினாக்கள் இதிலிருந்தே பிறக்கின்றன.

1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும், தாளும் தாயக்கட்டையும் கொண்டு ஆடும் விளையாட்டே இவ்வகையின் தாய். அதே தசாப்தத்தில் இலினோய் பல்கலைக்கழகத்தின் 'பிளேட்டோ' என்னும் கணினி அமைப்பிலே 'மோரியா', 'ஊப்லியட்' முதலிய விளையாட்டுக்கள் தோன்றின. கல்வி போதிப்பதற்கென அமைக்கப்பட்ட பொறியிலே மாணவர் நிலவறை தோண்டினர் என்பது ஆசிரியராகிய நாம் சிந்திக்கத்தக்க செய்தி. அம்மரபினின்று பிறந்து வீட்டுக் கணினிக்கு வந்து பெரும்புகழ் பெற்றதே அன்ட்ரூ கிரீன்பேர்க், றொபேட் வூட்ஹெட் என்னும் இருவர் ஆக்கிய 'விஸார்ட்ரி'. அது வெளியான ஆண்டு 1981. அந்நாளைய ஆப்பிள் கணினியின் சிறிய நினைவகத்தினுள் 10 தளங்கள், ஒவ்வொன்றிலும் 20க்கு 20 ஆக 400 கட்டங்கள், ஆக 4000 கட்டங்களை அவர்கள் அடக்கினர். சுவர்கள் வெறுங்கோடுகள், மற்றவற்றை விளையாடுவோனின் அச்சமே நிரப்பிற்று.

என் மாணவன் வரைந்த நிலவறை இதுவே. இதன் கதை இரண்டு வரியில் அடங்கும். டிரெபோர் என்னும் சித்தம் பேதலித்த ஆட்சியாளனின் மந்திரத் தாயத்தை வேர்ட்னா என்னும் மந்திரவாதி கவர்ந்து சென்று நிலவறையின் அடித்தளத்திலே ஒளிந்துகொண்டான். அதனை மீட்டு வருவோருக்கு வெகுமதி உண்டு. ஆக்கியோர் இருவரின் பெயர்களையும் பின்புறமாக வாசித்தால் கள்வனும் காவலனும் கிடைப்பர். ஆக, அவர்களுக்கு இது கேலி. நம் நாட்டார் கதைகளிலே ஏழு கடலும் ஏழு மலையும் தாண்டிச் செல்லும் இராசகுமாரன் தன் காரியமாகவே செல்கிறான். இங்கு இறங்கும் அறுவருக்கு அத்தாயத்தால் ஆவது ஒன்றுமில்லை. அவர்கள் கூலிக்கு இறங்குவோர்.

நிலவறையைக் காட்டிலும் அதற்கு மேலுள்ள ஊரே எனக்கு விளக்கமாக இருந்தது. போல்ராக் என்பவனின் கடையிலே ஒரு வாளை விற்கப் போனால், அவன் விற்கும் விலையிற் பாதியே தருவான். கண்டெடுத்த பொருள் இன்னதென்று அறிந்து சொல்வதற்கு அவன் கேட்கும் கூலியோ, அப்பொருளை விற்றால் அவன் தரும் விலைக்குச் சமம். உயிரைப் பணயம் வைத்துக் கொணர்ந்தவனுக்கு மிச்சம் எதுவுமில்லை. விடுதியிலே குதிரை லாயத்தில் இலவசமாய்ப் படுக்கலாம். மந்திரசக்தி மீளும், உடற்காயம் ஆறாது. காயம் விரைந்து ஆறவேண்டுமெனில் வாரமொன்றுக்கு 500 பொன் கொடுத்து அரச அறையிலே தங்கவேண்டும். இறந்தவரை உயிர்ப்பிக்கும் கோயிலொன்றும் உண்டு. அங்கு இறந்தவரின் படித்தரத்துக்கேற்பக் கட்டணம்; பணமில்லாதார் வாயிலிலேயே விரட்டப்படுவர். கிரியை பிழைத்தால் உடல் சாம்பலாகும். மறுமுறையும் பிழைத்தால் அவர் என்றென்றைக்கும் இல்லாதொழிவர். காணிக்கை மாத்திரம் திரும்பி வருவதில்லை.

கடைக்காரன், விடுதிக்காரன், பூசகன், ஆட்சியாளன் என்ற நால்வரில் ஒருவரேனும் நிலவறையுள் இறங்குவதில்லை. இறங்குவோரின் உழைப்பிலேயே நால்வரும் வாழ்கின்றனர். இதனை ஆக்கியோர் சமுதாய விமர்சனமாகக் கருதி ஆக்கினர் என்று நான் வாதிடவில்லை. விளையாட்டைக் கடினமாக்குவதே அவர்தம் நோக்கம். எனினும் பால்ஸாக் பற்றி எங்கெல்ஸ் 1888இல் எழுதிய கடிதத்தை அறிந்தோருக்கு, ஆக்கியோனின் நோக்கத்தை மீறியும் உண்மை வெளிப்படும் என்பது புதிய செய்தியன்று. 'கடினமான உலகம்' ஒன்றைக் கற்பனை செய்யப் புகுந்த இருவர், தாம் அறிந்த உலகின் கணக்கு வழக்கையே அதிலே எழுதிவிட்டனர்.

இவ்வகையின் குறையும் இங்கேயே வெளிப்படுகிறது. நிலவறையில் வாழும் உயிர்கள் யாவும் எண்களாகவே கருதப்படுகின்றன. ஒன்றைக் கொன்றால் இத்துணை அனுபவப்புள்ளி, இத்துணை பொன். முதற்றளத்தின் ஓரறையிலே தோன்றும் ஒருவகை ஆவிகளை மீண்டும் மீண்டும் கொன்று பலம் சேர்ப்பது 'விஸார்ட்ரி' ஆடுவோரிடையே பேர்பெற்ற உத்தி. அங்கு வீரமுமில்லை, வியப்புமில்லை. தொழிற்சாலை வேலைபோன்ற சலிப்பே உண்டு. மேலே சுரண்டப்படுவோன் கீழே இறங்கியதும் தானே கொள்ளைக்காரனாகிறான். 1987இல் வெளிவந்த நான்காம் பாகம் வேர்ட்னாவையே கதாநாயகனாக்கி, அடித்தளத்திலிருந்து மேலேறச் செய்தது. துணிவான முயற்சிதான், ஆயினும் ஆட்கள் இடம் மாறினரேயன்றி உறவு மாறவில்லை.

அதே 1987இன் இறுதியில் வெளிவந்த 'டன்ஜன் மாஸ்டர்' உருவத்திலே பெரும் பாய்ச்சல். காலம் நிற்காது ஓடிற்று. விளையாடுவோன் யோசித்து நிற்கும்போதும் பகை நடந்து வந்தது. நால்வர் கொண்ட குழுவுக்குப் பசித்தது, தாகமெடுத்தது, கைப்பந்தம் எரிந்து தணிந்தது. வாள் வீசியவன் வாளிலும், மந்திரம் சொன்னவன் மந்திரத்திலும் தேர்ந்தான். செய்யும் தொழிலே மனிதனை ஆக்குகிறது என்னும் பொருள்முதல்வாத உண்மையை இவ்விளையாட்டின் விதியே போதித்தது. உடல் என்ற ஒன்று நிலவறைக்குள் வந்தது இதனாலேதான். ஆனால் சமுதாயம் வரவில்லை. கடையுமில்லை, ஊருமில்லை, பேசுவதற்கொரு மனிதருமில்லை. 1991இல் வந்த 'ஐ ஒஃப் தி பிஹோல்டர்' இதன் வழியே சென்று, வோட்டர்டீப் நகரப் பிரபுக்களின் ஏவலிலே நால்வரைப் பாதாளச் சாக்கடைக்குள் அனுப்பிற்று. திறமையான ஆக்கமெனினும் சிந்தனையிலே புதிதாக எதையும் சேர்க்கவில்லை.

1992இல் வெளிவந்த 'அல்டிமா அண்டர்வேர்ல்ட்' பற்றிச் சற்று விரிவாகவே கூறல் வேண்டும். கட்டங்கட்டமாக நகரும் பழைய முறையைக் கைவிட்டு, நினைத்த திசையில் நடக்கவும் அண்ணாந்து பார்க்கவும் நீந்தவும் இடந்தந்த முன்னோடி இது. தொழில்நுட்பம் பற்றி எழுதுவோர் இதனையே வியந்து நிற்பர். என் மதிப்பில் அதன் பெருஞ்சாதனை வேறு. நிலவறையிலே மக்கள் வாழ்கின்றனர் என்பதை இவ்வளவு முழுமையாக ஒப்புக்கொண்ட ஆக்கம் அதற்கு முன் இவ்வகையிலே எனக்குத் தெரிந்து இல்லை.

கபிரஸ் என்னும் வீரப்பிரபு ஒருவன், பல இனத்தாரும் ஒற்றுமையாய் வாழும் குடியேற்றமொன்றை அப்பாதாளத்திலே நிறுவினான். எட்டு நற்குணங்களைக் குறிக்கும் எட்டுச் சின்னங்களை அவ்வவ் இனத்தாருக்குப் பகிர்ந்தளிக்க எண்ணியிருந்தான். பகிருமுன் இறந்துபோனான். அவன் கனவும் அவனோடு இறந்தது. விளையாடுவோன் அங்கே காண்பது அக்கனவின் இடிபாடுகளை. கொப்ளின்கள் இரு கூட்டமாய்ப் பிரிந்து பகைமை பாராட்டுகின்றனர். மலைவாசிகள் பொன்னாசை பிடித்த அரசன்கீழ்ச் சுரங்கம் அகழ்கின்றனர். பல்லிமாந்தர் தம் மொழியிலேயே பேசுகின்றனர். அவரோடு உறவாட விரும்புவோன் அம்மொழியின் சொற்களை ஒவ்வொன்றாகக் கற்றல் வேண்டும். வாளை உருவாமல், பேசியும் பண்டமாற்றுச் செய்தும் பல இடங்களைக் கடக்கலாம். முந்திய விளையாட்டுக்களிலே கண்டவுடன் வெட்டப்பட்ட கொப்ளின் இங்கே வாய் திறந்து பேசுகிறான். இதனையே நான் யதார்த்தம் என்பேன். கற்சுவரைக் கற்சுவர் போலவே வரைந்து காட்டுவது கைத்திறன். மனிதருக்கிடையேயுள்ள உறவைக் காட்டுவதே யதார்த்தம்.

ஒரு நல்லவன் மேலிருந்து அருளும் சமத்துவம் அவன் மூச்சோடு முடிந்துவிடும் என்ற பாடமும் இக்கதையிலே உண்டு. மக்கள் தாமாக ஒன்றுபட்டு அமைக்காத பொதுவுடைமை, பிரபுவின் பெட்டியில் பூட்டிக்கிடந்த எட்டுச் சின்னங்கள் போன்றதே. ஆயினும் ஆக்கியோர் இப்பாடத்தை இறுதிவரை கொண்டு செல்லவில்லை. பிரபு ஒருவனின் மகளைக் கடத்தியதாகப் பழிசுமத்தப்பட்டு உள்ளே தள்ளப்படும் கதாநாயகன், அவ்வெட்டுச் சின்னங்களையும் தேடித் திரட்டுகிறான். எதற்காக? மேலுலகை அழிக்கவல்ல பூதத்தைத் தடுப்பதற்காக எரிமலைக் குழம்பிலே எறிந்துவிடுவதற்கு. கீழுலக மக்களுக்கென்று வைத்திருந்த முதுசொம், மேலுலகின் பாதுகாப்புக்காக எரிந்துபோகிறது. அம்மக்களிடம் ஒரு வார்த்தை கேட்டார் இல்லை. இவ்வளவு தூரம் கண்திறந்த படைப்பு, இந்த ஓரிடத்திலே கண்மூடிற்று.

அதன்பின் மேலைநாடுகளில் இவ்வகை நலிந்தது. யப்பானில் மாத்திரம் 'விஸார்ட்ரி' மரபு தொடர்ந்து போற்றப்பட்டது. அங்கு 2007இல் அட்லஸ் நிறுவனத்தார் வெளியிட்ட 'எட்ரியன் ஒடிசி', கைக்கடக்கமான கருவியின் கீழ்த்திரையிலே விளையாடுவோன் தன் கையாலேயே வரைபடம் தீட்டும்படி செய்தது. இதன் கதை நம் வினாவை நேருக்குநேர் சந்திக்கிறது. எட்ரியா என்னும் ஊர் தன் அருகிலுள்ள வனப்பாதாளத்தினாலேயே செழிக்கிறது. அதைக் காண வரும் வீரர்கள் செலவிடும் பணமே அதன் வருவாய். ஆழத்திலே வனமக்கள் எதிர்ப்படும்போது, அவர்களை ஒழித்துக்கட்டும்படி ஊராட்சி மன்றம் ஆணையிடுகிறது. விளையாடுவோன் அவ்வாணையை நிறைவேற்றாமல் மேலே செல்ல வழியில்லை. நிறைவேற்றிக் கீழிறங்கினால் அங்கே காண்பது அழிந்துபோன ஒரு மாநகரம். நம் காலத்து டோக்கியோவின் சின்ஜுகு. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். மர்மம் வெளிப்பட்டால் வீரர்கள் வருவது நின்றுவிடும் என்பதனால் ஊர்த்தலைவனே குழுவினரைக் கொல்லப் பார்க்கிறான். செய்த கொலைக்குப் பின்னே யாருடைய இலாபம் நின்றது என்பதை விளையாடுவோன் அப்போதுதான் உணர்கிறான். வனமக்களை அவன் உயிர்ப்பிக்க முடியாது.

2012இல் பின்லாந்தைச் சேர்ந்த சிறு குழுவொன்று 'லெஜண்ட் ஒஃப் கிரிம்ரொக்' மூலம் பழைய கட்டமுறையை மீட்டது. இதிலே இறங்குவோர் கைதிகள். செய்தனரோ செய்யவில்லையோ என்பது தெளிவாகாத குற்றங்களுக்காக விலங்கிடப்பட்டு மலையுச்சியிலிருந்து உள்ளே தள்ளப்படுகின்றனர். உயிரோடு வெளியேறினால் மன்னிப்பு. அனுப்புவோன் இங்கே முகமற்ற சட்டமாகிவிட்டான். அந்நால்வருள் பல்லிமாந்தன் ஒருவனையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம். பழைய நிலவறைகளில் வெட்டுண்டு கிடந்தவன் இப்போது தோளோடு தோள் நின்று பந்தம் பிடிக்கிறான். மூன்று தசாப்தங்களில் இவ்வகை கண்ட வளர்ச்சியை இந்த ஒரு மாற்றத்தாலேயே அளந்துவிடலாம். 2024இல் முதலாவது 'விஸார்ட்ரி' புதுமெருகுடன் முழுமையாக வெளிவந்தது. சுவர்களுக்குக் கல்லும் நிழலும் வந்துள்ளன; போல்ராக்கின் கடை மாத்திரம் பழையபடியே நடக்கிறது. கிரீன்பேர்க் அவ்வாண்டிலேயே காலமானார்.

விளையாட்டிலே வர்க்கத்தைத் தேடுவது வீண்வேலை என்பர் கலை கலைக்காகவே என்னும் அன்பர். கடையின் விலைப்பட்டியலையும் விடுதியின் படுக்கைகளையும் நான் தேடிச்சென்று புகுத்தவில்லை; ஆடுவோர் யாவரும் அவற்றைக் கணக்கிட்டே ஆடுகின்றனர். முதலாளித்துவச் சந்தையின் பண்டத்தை ஆராய்வதேன் என்பர் நம் தோழருள் சிலர். சினிமாவும் சந்தையின் பண்டமே, அதனைக் கைவிட்டோமா? உழைப்பு, கூலி, ஆணை, கீழ்ப்படிவு ஆகியவற்றை இளைஞர் தம் விரல்களாலேயே பயிலும் இடமொன்று இருக்கும்போது, அங்கே என்ன பயிலப்படுகிறதென்று பாராதிருத்தல் நம் கடமையிலிருந்து தவறுவதாகும்.

மாணவனின் கேள்விக்கு வருவோம். அரசன் இறங்காமைக்குக் காரணம் எளிது: இறங்குவதற்கு ஆட்கள் கிடைக்கின்றனர். இதை அவனிடம் சொன்னபோது சிறிது நேரம் யோசித்தான். தாயத்தை மீட்டுக் கொடுத்தவருக்கு என்ன கிடைக்கிறதென்று கேட்டேன். பொன்னும் அனுபவப்புள்ளியும் ஒரு சின்னமும், அரசனின் மெய்க்காவற்படையில் இடமும் என்றான். "அப்படியென்றால் திரும்பவும் அவனுக்குத்தான் காவல்" என்று தானே சொல்லிக்கொண்டான். கொப்பியை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன். கேத்திரகணிதத்துக்கு வேறு கொப்பி வைத்துக்கொள்ளும்படி மாத்திரம் கூறினேன்.