எக்ஸ்வி6 இயங்குதளத்தின் வட்டுப் பதுக்ககம்: ஒரு திறனாய்வு

எக்ஸ்வி6 என்பது அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயங்குதளப் பாடத்திற்காக எழுதப்பட்ட சிறிய இயங்குதளம் ஆகும். இது யூனிக்ஸின் ஆறாம் பதிப்பைப் பின்பற்றியது. இதன் கோப்பு முறைமை வட்டிலிருந்து படித்த தொகுதிகளைக் கேச் எனப்படும் பதுக்ககத்தில் வைத்துக்கொள்கிறது. அதில் 30 இடையகங்கள் உள்ளன. ரிஸ்க்-வி பதிப்பில் ஒரு தொகுதி 1024 பைட்டு என்பதால் மொத்தக் கொள்ளளவு 30 கிலோபைட்டு மட்டுமே.

நிறைகள்

ஒரு தொகுதிக்கு நினைவகத்தில் ஒரே ஒரு படி மட்டுமே இருப்பதைப் பதுக்ககம் உறுதி செய்கிறது. எனவே அது வேகத்திற்கு மட்டுமன்றித் தரவின் சரித்தன்மைக்கும் துணைநிற்கிறது. ஒரு கோப்பின் முதல் 12 தொகுதிகளின் முகவரிகள் ஐநோடிலேயே உள்ளன. மற்றவற்றின் முகவரிகள் தனியான ஒரு சுட்டுத் தொகுதியில் உள்ளன. 40 தொகுதிகள் கொண்ட கோப்பைப் பதுக்ககம் இன்றித் தொகுதி தொகுதியாகப் படித்தால், கடைசி 28 தொகுதிகளில் ஒவ்வொன்றுக்கும் சுட்டுத் தொகுதியையும் படிக்க வேண்டும். ஐநோடு, கோப்புறை ஆகியவற்றை விடுத்துப் பார்த்தால் மொத்தம் 68 வாசிப்புகள். பதுக்ககம் இருந்தால் 41 போதும்.

குறைகள்

அதே கோப்பை மீண்டும் முதலிலிருந்து படிக்கும்போது குறை வெளிப்படுகிறது. இடம் தேவைப்படும்போது நெடுநேரம் பயன்படாத தொகுதியே வெளியேற்றப்படுகிறது. கோப்பு பதுக்ககத்தைவிடப் பெரியது என்பதால், அடுத்துத் தேவைப்படும் தொகுதி ஒவ்வொன்றும் தேவை வருவதற்குச் சற்று முன்பே வெளியேறிவிடுகிறது. சுட்டுத் தொகுதி மட்டும் தங்குகிறது. ஆகவே இரண்டாம் முறையும் 40 வாசிப்புகள் தேவை. மிச்சம் ஒன்றே ஒன்று. இத்தனைக்கும் இவ்வியங்குதளம் 128 மெகாபைட்டு நினைவகம் இருப்பதாகக் கொண்டே எழுதப்பட்டது.

இடையகங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் சிக்கல் தீராது. தேடல் ஓர் இணைப்புப் பட்டியலில் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கிறது. பட்டியல் முழுவதற்கும் ஒரே பூட்டு. பட்டியல் நீண்டால் பூட்டு பிடிக்கப்பட்டிருக்கும் நேரமும் நீளும். பிற செயலிகள் காத்திருக்கும். எனவே ஹாஷ் அட்டவணையும் அதன் ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப் பூட்டும் முதலில் தேவை. முன்கூட்டியே படிக்கும் வசதியும் இதில் இல்லை. வரிசையாகப் படிக்கும் நிரல்கூட ஒவ்வொரு புதிய தொகுதிக்கும் வட்டின் விடைக்காக உறங்க வேண்டியுள்ளது. லினக்ஸ் மீதமுள்ள நினைவகத்தைப் பதுக்ககமாகப் பயன்படுத்துகிறது. அடுத்த பக்கங்களையும் முன்பே கொண்டுவருகிறது.

மதிப்பீடு

சில நூறு வரிகளுக்குள் மாணவர் படித்து முடிக்கக்கூடியதாக இருப்பதே இப்பதுக்ககத்தின் நோக்கம். அதில் அது வெற்றி பெறுகிறது. ஆனால் பதுக்ககம் இருந்தாலே வாசிப்பு வேகமாகும் என்று இதைக் கொண்டு முடிவு செய்வது தவறு. பதுக்ககத்தின் அளவு, வெளியேற்றும் விதி, தேடும் முறை ஆகிய மூன்றும் பயன்பாட்டின் போக்கிற்குப் பொருந்தினால்தான் பலன் கிடைக்கும்.