அகதியர் நிழற்படமும் அழுகை மெய்ப்பாடும்: 1971 கொல்கத்தாவை முன்வைத்து

முன்னுரை

தென்கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் பகுதிக்கு அண்மையிலுள்ள யாதவ்பூர், பிஜய்கர் முதலியன, 1947 பிரிவினைக்குப்பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தோர் குடியேறிய இடங்களாகும். 1971-இல் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை கடந்து இந்தியாவிற்குள் வந்தபோது, அந்நகரம் மீண்டும் அகதியரின் புகலிடமாயிற்று. அவர்தம் துயரை உலகிற்கு உணர்த்தியதிலும் உதவி திரட்டியதிலும் நிழற்படத்திற்குப் பெரும்பங்கு உண்டு. அப்படங்கள் துயருற்றோரை எவ்வாறு காட்டின என்பதைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

அழுகையின் நிலைக்களன்கள்

எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகிய அழுகை, இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கின்வழித் தோன்றும் என்பது தொல்காப்பியர் கருத்து. பிறரால் இகழப்பட்டு எளியராதல் இளிவு. உற்றாரையும் இன்பத்தையும் இழத்தல் இழவு. பண்டைய நிலை கெட்டு வருந்துதல் அசைவு. அகதியரிடத்து இந்நான்கும் காணப்படும். எனினும் அவர்க்கே சிறப்பாக உரியது அசைவு எனலாம். நேற்றுவரை நிலமும் தொழிலும் உடையவராய் வாழ்ந்தவர் இன்று சோற்றுக்கு வரிசையில் நிற்கிறார் என்பதே அகதி வாழ்வின் உட்பொருள்.

ரகு ராய் படங்கள்

'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் பணியாற்றிய ரகு ராய் 1971-இல் எடுத்த அகதியர் படங்கள், 2013-இல் தனி நூலாக வெளிவந்தன. மூட்டை முடிச்சுகளுடன் நடந்துவரும் குடும்பங்களும், பெரிய சிமென்ட் குழாய்களுக்குள் குடியிருந்தோரும் இப்படங்களில் இடம்பெறுகின்றனர். சுமந்து வந்த பொருள் விட்டுவந்த வீட்டை நினைவூட்டுகிறது. உடன்வருவோர் உறவை உணர்த்துகின்றனர். எனவே இவற்றில் வறுமையோடு இழவும் அசைவும் புலனாகின்றன. ஆயின் இவை செய்திப்படங்கள்; பொருள் திரட்டுவதை நேர்நோக்கமாகக் கொண்டவை அல்ல.

இசைத்தட்டின் அட்டை

1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் ஜார்ஜ் ஹாரிசனும் ரவி சங்கரும் நடத்திய வங்கதேச நிதி இசைவிழாவின் வாயிலாக ஏறத்தாழ 2,43,000 டாலர் யுனிசெஃபுக்கு அளிக்கப்பட்டது. தொடர்ந்து வெளிவந்த இசைத்தட்டின் அட்டையில், வெறுமையான உணவுத் தட்டின் முன் அமர்ந்திருக்கும் மெலிந்த குழந்தை காணப்படுகிறது. ஊர், பெயர், உறவு எதற்கும் அங்கு இடமில்லை. வறுமை ஒன்றே எஞ்சுகிறது. 2005-ஆம் ஆண்டு மறுவெளியீட்டில் அக்குழந்தையின் இடத்தில் ஹாரிசனின் மேடைப்படம் அமைந்தது. உதவி பெறுவோர் நீங்க, உதவியவர் அவ்விடத்தை நிரப்பிய இம்மாற்றம் எண்ணத்தக்கது.

மறுப்பும் விடையும்

பசித்த குழந்தைக்கு வேண்டுவது பாலேயன்றி மெய்ப்பாட்டு ஆராய்ச்சி அன்று எனக் கூறலாம். இக்கூற்றை எளிதில் தள்ள இயலாது. அப்படம் மக்களின் இரக்கத்தை எழுப்பியது என்பதில் ஐயமில்லை. ஆனால் வறுமையை மட்டும் காட்டி இரக்கத்தை வேண்டும் படம், தான் காட்டுவோர்க்கே இளிவைத் தந்துவிடுகிறது. ஒரு துயரைத் துடைக்கும் முயற்சி மற்றொரு துயருக்கு நிலைக்களனாகிறது. ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் 1989-இல் படங்களுக்கென ஒழுக்கநெறி வகுத்துக்கொண்டதும் இச்சிக்கலை உணர்ந்தமையாலேயே எனலாம்.

முடிவுரை

பொருள் திரட்டும் நிழற்படம் பொறுப்புடையதாவது, வறுமையோடு இழவையும் அசைவையும் காட்டி இளிவைத் தவிர்க்கும்போதே ஆகும். எவ்வளவு பொருள் திரண்டது என்பதோடு, படத்திலுள்ளவர் அதனைத் தம் படமென ஏற்பாரா என்பதும் அதன் அளவுகோலாதல் வேண்டும். 1983 முதல் தமிழகம் வந்த ஈழத்தமிழ் அகதியரைக் காட்டும் படங்களையும் இந்நோக்கில் ஆராய்தல் தமிழாய்வின் கடமையாகும்.