போர்வீரன் கண்ட பின்வாங்கல்: ஃபாபர் டு ஃபோரின் 1812 ஓவியங்கள்

நெப்போலியனின் ருஷ்யப் படையெடுப்பைப் பொருளாகக் கொண்ட ஓவியங்கள் பல. அவற்றுட் சில, அக்களத்தைக் காணாதோர் தீட்டியவை. 1851 இல் யேர்மானிய ஓவியர் அடோல்ஃப் நோர்தென் வரைந்த படத்திலே, பனிவெளியிற் குதிரைமீது செல்லும் பேரரசனே மையம். பின்தொடரும் படையினர் அவன் துயருக்குப் பின்னணியாகின்றனர். 1812 இல் அவ்வோவியர் பிறந்திருக்கவுமில்லை. இத்தகைய படைப்புக்களோடு ஒப்புநோக்குமிடத்தே கிறிஸ்தியான் வில்ஹெல்ம் ஃபொன் ஃபாபர் டு ஃபோரின் தனித்தன்மை புலனாகும்.

1780 இல் ஸ்ருட்காட் நகரிற் பிறந்த இவர், வூட்டெம்பேர்க் அரசின் பீரங்கிப்படை அதிகாரி. தளபதி நேயின் மூன்றாம் படைப்பிரிவோடு மொஸ்கோ வரை சென்று உயிருடன் மீண்டவர். வழியிற் கண்டவற்றை அடிப்படையாகக் கொண்டு இவர் வரைந்த படங்கள் 1831 முதல் 1843 வரை கல்லச்சிற் பகுதி பகுதியாக வெளிவந்தன.

ஒவ்வொரு படத்துக்கும் இடமும் நாளுமே தலைப்பு. பின்வாங்கலைக் காட்டும் படங்களிலே வீரர்கள் சிறு நெருப்பைச் சூழ்ந்து குந்தியிருக்கின்றனர். கிடைத்த கம்பளியையும் தோலையும் போர்த்தியுள்ளனர். உயிருள்ளோர் அருகே உறைந்தோர் கிடக்கின்றனர். அதிகாரி யார், சிப்பாய் யார் எனப் பிரித்தறிதல் அரிது. சீருடை மறையும்போதே படை என்ற அமைப்பும் மறைந்துவிடுகின்றது.

எனினும் இத்தொகுப்பின் உண்மையான வலிமை பனிக்காட்சிகளில் மட்டும் தங்கியிருக்கவில்லை. அது பனியுடன் தொடங்கவில்லை என்பதே மனங்கொளத்தக்கது. ஜூன் மாத மழையும் சேறும், சோர்ந்த குதிரைகளும், உணவு தேடிக் கிராமங்களுட் புகும் வீரர்களும் முற்பகுதியிலேயே இடம்பெறுகின்றனர். 1812 டிசெம்பர் 3 ஆந் திகதியிட்ட நெப்போலியனின் 29 ஆவது அறிக்கை, பேரழிவுக்குக் குளிரையே பெருங் காரணமாக்கிற்று. ஆனால் 1869 இல் மினார் வெளியிட்ட புகழ்பெற்ற வரைபடத்தின்படி, நீமன் ஆற்றைக் கடந்த 422,000 பேருள் மொஸ்கோவை அடைந்தோர் 100,000 பேரே. ஈற்றில் மீண்டோர் 10,000 பேர். பெரும் இழப்பு பனிக்கு முன்னரே நேர்ந்துவிட்டது. பசி, நோய், களைப்பு, போர், வழிவழியே நிறுத்தப்பட்ட காவற்படைகள் ஆகியன படையை முன்னரே குறைத்துவிட்டன. அரச அறிக்கை மறைத்ததை ஓவியம் வரிசைமுறையாலேயே வெளிப்படுத்துகின்றது.

ஏறத்தாழ இருபதாண்டுகளின் பின் வெளியான படங்களைச் சாட்சியமாகக் கொள்ளலாமா என வினவுதல் நியாயமே. உருவங்களின் அமைப்பிற் கலைஞனின் திட்டமிட்ட ஒழுங்கு தெரிகின்றது. ஆயினும் அவருக்குப் புகழ் பாடவேண்டிய தேவை இருக்கவில்லை. பிரான்சின் நேச நாடாகப் போரிட்ட வூட்டெம்பேர்க் 1813 இல் அணி மாறியது. எனவே 1812 இன் இழப்பை வெற்றிக்கதையாகச் சொல்ல எந்தத் தரப்பும் இல்லை. உரிமை கொண்டாட எவருமற்ற அத்துயரமே இப்படங்களுக்கு நேர்மையை அளித்தது எனலாம்.

குறையொன்றும் உண்டு. நெருப்புக்காகப் பிரிக்கப்பட்ட கூரைகளின் கீழ் வாழ்ந்த ருஷ்யக் குடியானவர் இங்கு அரிதாகவே மையமாகின்றனர். வீரனின் கண் தன் தோழரோடு நின்றுவிடுகின்றது. இவ்வெல்லையை உணர்ந்து நோக்குவோர்க்கும், தளபதிகளின் வரலாறு கூறாதவற்றை இப்படங்கள் கூறும் என்பதில் ஐயமில்லை.