நடுவில் இருந்த கோடு

திரையில் இரண்டு நீர்த்துளிகள் நெருங்கி ஒன்றாயின. பக்கத்தில் நின்ற மகள் கேட்டாள்: "அப்பா, நடுவுல இருந்த கோடு எங்க போச்சு?" ஸ்டான்லி ஓஷரும் ரொனால்ட் ஃபெட்கிவும் எழுதிய 'லெவல் செட் மெதட்ஸ் அண்ட் டைனமிக் இம்ப்ளிசிட் சர்ஃபேசஸ்' நூலை (ஸ்பிரிங்கர், 2003) மறுபடி எடுக்க வைத்தது அந்தக் கேள்விதான். முதுகலை நாட்களில் தேர்வுக்காகப் படித்தது. இம்முறை வழக்காடப் படித்தேன்.

நகரும் பரப்பைப் புள்ளிகளாகப் பிடித்துத் தள்ளினால், துளிகள் சேரும்போதும் பிரியும்போதும் புள்ளிகளை வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும். 1988இல் ஓஷரும் ஜேம்ஸ் செத்தியனும் வேறு வழி சொன்னார்கள். வெளியில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண்: உள்ளே எதிர்மம், வெளியே நேர்மம். பூஜ்ஜியம் விழும் இடமே பரப்பு. பரப்பைத் தொடவே வேண்டாம். எண்களை மாற்றினால் போதும். சேர்வதும் பிரிவதும் தாமாக நடக்கும்.

இதைச் சொல்லித்தருவதில் நூல் கெட்டிக்காரத்தனமானது. ஒரு கோட்டின் மேல் இரண்டு புள்ளிகளில் தொடங்கி, வட்டம், கோளம் என்று நிதானமாக ஏறி, நீர், நெருப்பு வரை போகிறது. ஃபெட்கிவ் 2008இல் திரவ சிமுலேஷனுக்காக ஆஸ்கர் அகாதமியின் தொழில்நுட்ப விருதைப் பகிர்ந்துகொண்டவர். அந்தக் கைப்பழக்கம் பக்கங்களில் தெரிகிறது.

என் குறை வேறு. கணக்கிடும்போது மெல்லிய பகுதிகள் கரைந்து கன அளவு குறைவதை நூல் மறைக்கவில்லை. துகள்களைத் தூவி ஈடுகட்டும் முறைக்குத் தனி அத்தியாயமே உண்டு. ஆனால் இன்னொரு விலைக்கு உரிய எடை தரவில்லை என்பது என் வாசிப்பு. பரப்பின் எந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது என்பதை இம்முறை தானாக நினைவில் வைப்பதில்லை. நீருக்கு அது பெரும்பாலும் பொருட்டில்லை. மடியும் துணிக்கு அதுதான் முக்கியம்.

ஒருமுறை ஸ்கேன் படங்களில் ரத்தக்குழாய்களின் எல்லையைப் பிரிக்கும் நிரல் எழுதினேன். வளைவுக்கேற்ப எல்லையை மழமழப்பாக்கியதும் படம் அழகானது. மயிரிழை போன்ற ஒரு கிளை காணாமல் போயிருந்தது. மருத்துவர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. தவறு என்னுடையது. நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் முடிந்ததுதான் பயம்.

அவசியம் படிக்க வேண்டிய நூல்தான். ஆனால் மகளுக்கு அதிலிருந்து என்னால் கொடுக்க முடிந்த பதில் இவ்வளவே: "அந்தக் கோட்டை யாரும் தனியா வச்சிருக்கலம்மா." அவள் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கும் அது போதவில்லை.