ஊசி போடுபவருக்கு யார் போடுவது?

இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியை ஆண்டுதோறும் யாருக்கு முதலில் போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012இல் சொன்ன பட்டியலில் கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோர், நாள்பட்ட நோயாளிகள் ஆகியோருடன் சுகாதாரப் பணியாளர்களும் உண்டு. இந்தியாவோ இலங்கையோ இதை மறுப்பதில்லை. ஆனால் இரு நாடுகளின் தேசியத் தடுப்பூசி அட்டவணையிலும் இந்த ஊசிக்கு இடமில்லை. குழந்தையின் ஊசிக்கு வீடு தேடி ஆள் அனுப்பும் அரசுகள், வார்டில் இருமலுக்கு நடுவே நிற்கும் செவிலியரை அவர் விருப்பத்துக்கே விட்டுவிடுகின்றன.

இந்தியாவில் ஊசிக்குப் பஞ்சமில்லை. 2010இலேயே சைடஸ், சீரம் ஆகிய இந்திய நிறுவனங்கள் இன்ஃப்ளூயன்சாவின் ஒரு வகையான எச்1என்1க்குத் தடுப்பூசியைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. அதே ஆண்டு சுகாதாரப் பணியாளர்களுக்கென்றே வெளிநாட்டிலிருந்து 15 லட்சம் ஊசிகளை மத்திய அரசு தருவித்தது. அவற்றில் பெரும்பகுதியைப் போட்டுக்கொள்ள ஆள் வரவில்லை. 'ஊசி போட்டால்தான் காய்ச்சல் வரும்' என்ற பயமும், 'நமக்கெல்லாம் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும்' என்ற தெம்பும் மருத்துவம் படித்தவர்களிடமே இருந்தன. செயலிழக்கச் செய்த வைரஸால் ஆன ஊசி ஃப்ளூ நோயைத் தராது. ஓரிரு நாள் கை வலிக்கலாம், உடம்பு கொஞ்சம் அசதியாக இருக்கலாம். பயப்பட வேண்டியது நோய்க்குத்தான்: 2015இல் இந்தியாவில் 42,000 பேருக்கு மேல் எச்1என்1 தொற்றி, ஏறத்தாழ 3,000 பேர் இறந்தார்கள்.

இலங்கையின் நிலை நேர்மாறு. ஊசி இறக்குமதியாக வேண்டும். ஆனால் அதைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு பலமானது. சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர் என்று ஒவ்வொரு பிரதேசத்துக்கும் பொறுப்பான ஆட்கள் இருக்கிறார்கள். கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவு நாடு முழுவதற்கும் ஒரே நெறிமுறை வகுக்கிறது. இந்தியாவில் மருத்துவமனை மாநிலத்தின் பொறுப்பு. டெல்லியின் வழிகாட்டுதல் வார்டுவரை வந்துசேர்வது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

மனம் வைத்தால் இரு நாடுகளாலும் முடியும் என்பதற்கு 2021ஆம் ஆண்டே சாட்சி. ஜனவரி 16 அன்று இந்தியா கொரோனா தடுப்பூசியைச் சுகாதாரப் பணியாளர்களிடமிருந்து தொடங்கியது. பெயர்ப் பட்டியல் முன்பே தயார், ஊசி இலவசம், போடும் இடம் பணியிடம். தமிழகத்தில் முதல் சில நாட்கள் தயக்கம் தெரிந்தபோது, மருத்துவரான அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் தானே ஊசி போட்டுக்கொண்டார். அதே மாதம் 28ஆம் தேதி இந்தியா அன்பளிப்பாக அளித்த 5 லட்சம் கோவிஷீல்டு ஊசிகள் கொழும்பில் இறங்கின. மறுநாளே இலங்கை தன் சுகாதாரப் பணியாளர்களுக்குப் போடத் தொடங்கிவிட்டது. பிறகு இந்தியா ஏற்றுமதியை நிறுத்தவே, சுமார் 6 லட்சம் இலங்கையர் இரண்டாம் தவணைக்குக் காத்திருந்து, ஜூலையில் ஜப்பான் அனுப்பியதைப் பெற்றார்கள். வேகம் இலங்கையின் பலம், கையிருப்பு அதன் பலவீனம்.

காலக்கணக்கும் முக்கியம். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். டெல்லியிலும் புனேயிலும் ஃப்ளூ ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சத்தில் இருக்கும், சென்னை, வேலூரில் அக்டோபர், நவம்பர் மாதங்களில், காஷ்மீரில் குளிர்காலத்தில். இலங்கையில் ஆண்டின் நடுவில் ஒன்றும் ஆண்டு முடிவில் ஒன்றுமாக இரண்டு அலைகள். ஆகவே டெல்லிக்கு மே மாதம் பொருந்தும். அதே ஊசி சென்னைக்குச் செப்டம்பரில் வந்தால் போதும். இந்தியா முழுவதற்கும் ஒரே தேதி வைத்தால் பலருக்குப் பயன் குறையும்.

இரு நாடுகளுக்கும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்க இருக்கிறது. இலங்கை, அலை எழும் முன்பே தேவையைக் கணக்கிட்டுக் கொள்முதல் செய்ய வேண்டும். இந்தியா, தன்னிடம் தயாராகும் ஊசியைத் தன் வார்டுகளுக்கே முதலில் அனுப்ப வேண்டும். இரவுப் பணி முடித்து வீடு திரும்பும் செவிலியரைக் காலை பத்து மணிக்குத் திறக்கும் அறைக்கு வரச் சொன்னால் வரமாட்டார். குளிர்பெட்டியோடு ஊசி அவர் வார்டுக்கு, அவர் பணிநேரத்தில் போக வேண்டும். ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளரும், இலங்கையின் சிற்றூழியரும் பட்டியலில் விடுபடக் கூடாது. வார்டுவாரியாக எத்தனை பேர் போட்டுக்கொண்டார்கள் என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் ஆண்டுதோறும் வெளியிடட்டும். கட்டாயப்படுத்துவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.