குறத்தி வேஷத்தில் விசுவாசம்

கிறிஸ்தவப் பாட்டிலும் கதையிலும் இறையியல் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பவர்கள் பெரும்பாலும் வரிவரியாகத்தான் பார்ப்பார்கள். இந்தக் கருத்து வேதத்தில் உண்டா, இந்த அடி விசுவாசப் பிரமாணத்தோடு ஒத்துப்போகிறதா என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் பாட்டும் கதையும் கூத்தும் கலந்த ஒரு படைப்பில், யாருக்கு எந்த வேஷம் கொடுத்திருக்கிறது என்பதிலேயே பாதி உபதேசம் முடிந்துவிடுகிறது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் ‘பெத்லகேம் குறவஞ்சி’ அப்படிப்பட்டது.

சாஸ்திரியார் (1774–1864) திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். சிறு பிள்ளையாக இருந்தபோதே ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சாவூருக்குக் கூட்டிவந்து படிக்கவைத்தார். சுவார்ட்ஸின் அரவணைப்பில் வளர்ந்த இன்னொரு பிள்ளை, பின்னால் அரசரான இரண்டாம் சரபோஜி. சரபோஜிமேல் பாடப்பட்ட ‘சரபேந்திர பூபாலக் குறவஞ்சி’ பெரிய கோயில் திருவிழாவிலேயே நடிக்கப்பட்டது. குறவஞ்சி ஊர் முழுக்கத் தெரிந்த ஆட்டம். அடுத்து என்ன வரும் என்று பார்ப்பவர்களுக்கு மனப்பாடம். தலைவன் உலா வருவான், தலைவி பந்தடிப்பாள், கண்டதும் காதல் கொள்வாள், நிலவைத் திட்டுவாள், குறத்தி வந்து கை பார்த்துக் குறி சொல்வாள், கடைசியில் குறவன் சிங்கன் தன் சிங்கியைத் தேடி வருவான். இந்தச் சட்டகத்துக்குள்தான் சாஸ்திரியார் சுவிசேஷத்தை வைத்தார். பெத்லகேம் நாதராகிய இயேசு தலைவன். தலைவி தேவமோகினி என்பது திருச்சபை. குறத்தி, ஞானச் சிங்கி, விசுவாசம். சிங்கனும் அவன் கூட்டாளி நூவனும் திருச்சபையின் ஊழியக்காரர்கள்.

தலைவி ஒரு தனி ஆத்துமா அல்ல, சபை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். காதலியின் நிலையில் நின்று பாடுவது தமிழ்ப் பக்திக்குப் புதிதல்ல. ஆண்டாளும் பாடினாள், மாணிக்கவாசகரும் பாடினார். சாஸ்திரியாரை வளர்த்த ஜெர்மன் பக்தி இயக்கத்தின் ஞானப்பாட்டுகளிலும் கிறிஸ்து மணவாளன்தான். அங்கெல்லாம் பெரும்பாலும் ஏங்குவது ஓர் உயிர். இங்கே ஏங்குவது ஒரு கூட்டம். எபேசியர் நிருபத்திலும் வெளிப்படுத்தின விசேஷத்திலும் மணவாட்டி என்பது சபைதான், ஆகவே வேத ஆதாரம் கெட்டியாகவே இருக்கிறது. நானும் நீரும் மட்டும் என்று உருகும் இன்றைய ஆராதனைப் பாடல்கள் பலவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்த ஒரு தேர்வின் அருமை தெரியும்.

உண்மையான துணிச்சல் குறத்தியிடம் இருக்கிறது. குறி கேட்பதை உபாகமம் 18-ஆம் அதிகாரம் கண்டிப்பாக விலக்குகிறது. அப்படியிருக்க, விலக்கப்பட்ட அந்தத் தொழிலைச் செய்கிறவளுக்கே விசுவாசம் என்று பேர் வைத்தார் சாஸ்திரியார். சட்டகம் கேட்டதே என்று வேறு வழியில்லாமல் வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கையில் பிடித்ததுபோல் உறுதியாக நம்புவதே விசுவாசம் என்றுதான் எபிரெயர் 11-ஆம் அதிகாரம் தொடங்குகிறது. குறத்தி செய்வது வேறென்ன? தலைவன் பக்கத்தில் இல்லை. எப்போது வருவான் என்று தலைவிக்குத் தெரியாது. இவள் கையைப் பிடித்துப் பார்த்து, உன் மனதில் இருப்பவர் இன்னார், அவர் வருவார் என்று அடித்துச் சொல்கிறாள். பரமேறிப் போனவர் திரும்பி வரும்வரை காத்திருக்கும் சபையின் நிலையும் அதுதான். விரகம் என்ற பழைய துறைக்குள் இரண்டாம் வருகை அலுங்காமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

குறத்தி வருகிற விதத்திலும் நயம் உண்டு. குறவஞ்சித் தலைவி குறத்தியைத் தேடிப் போவதில்லை. கூடையும் கோலுமாகக் குறத்திதான் தெருவில் வருகிறாள். ஏக்கத்தில் துவண்டு கிடப்பவளால் தலைவனிடம் போய்ச் சேரவும் முடியாது, தனக்குத் தானே ஆறுதல் சொல்லிக்கொள்ளவும் முடியாது. வெளியிலிருந்து ஒரு குரல் வர வேண்டும், அதை அவள் காதால் கேட்க வேண்டும். விசுவாசம் கேள்வியினால் வரும் என்று ரோமர் நிருபத்தில் பவுல் சொன்னதையும், அது மனிதன் தானாக உண்டாக்கிக்கொள்வதல்ல என்று லூத்தர் வலியுறுத்தியதையும் மேடையில் காட்ட இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைப்பது கஷ்டம். ஓர் இடம்தான் இடிக்கிறது. குறவஞ்சி மரபில் குறத்திக்குக் கூலி உண்டு. பசிக்கு உணவு கேட்பாள், சேலை கேட்பாள், குறி சொன்னதற்குப் பொன்னும் மணியும் வாங்கிக்கொண்டு போவாள். இலவசமான கிருபையைப் பேசுகிற லூத்தரன் சபையில் விசுவாசத்துக்குக் கூலியா? உருவகத்தை இந்த மூலைவரை இழுத்தால் கிழிந்துவிடும்.

குறத்தி ஊருக்குள் தாழ்வாக நடத்தப்படுகிறவள். அவள்தான் பெரிய வீட்டுப் பெண்ணின் கையைத் தொடுகிறாள், அவள் சொல்லைத்தான் அந்தப் பெண் நம்பியாக வேண்டும். இதை எழுதிய சாஸ்திரியார், 1820களின் இறுதியில் தஞ்சைச் சபையில் சாதிச் சண்டை வந்தபோது, புதிதாக வந்த மிஷனரிமாரை எதிர்த்துச் சாதி வேறுபாட்டுக்காக வாதாடியவர். ஆலயத்திலும் திருவிருந்திலும் அந்த வேறுபாடு இருக்கலாம் என்பது அவர் கட்சி. அவர் எழுதிய மறுப்புகளைவிட அவர் கட்டிய நாடகத்தில்தான் நல்ல இறையியல் இருக்கிறது என்பேன். அந்த நாடகம் அவர் கையையே தட்டிவிடுகிறது.

பறவை பிடிக்கும் பகுதிக்கு வருவோம். மரபில் சிங்கன் கண்ணி வைத்துக் கொக்கும் குருகும் பிடிப்பான். இங்கே பறவைகள் ஆத்துமாக்கள், வலை சுவிசேஷம். கலிலேயாக் கடலோரத்தில் மீன்பிடிக்கிறவர்களைப் பார்த்து இயேசு சொன்னதைக் கடலிலிருந்து வயலுக்குக் கொண்டுவந்தால் இது கிடைக்கும். ஆனால் சங்கீதங்களில் வேடனுடைய கண்ணி ஆபத்தின் அடையாளம். 91-ஆம் சங்கீதம் அதிலிருந்து தப்புவிப்பார் என்று வாக்களிக்கிறது, 124-ஆம் சங்கீதம் அதிலிருந்து தப்பித்ததற்காகத் துதிக்கிறது. அங்கே தப்ப வேண்டிய வலை, இங்கே சிக்க வேண்டிய வலையாக மாறிவிட்டது. சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இந்தத் தலைகீழ் உறுத்தலாம். எனக்கு உறுத்தல் பாதி, ரசனை பாதி. பிடிபட்ட பறவை குறவன் வீட்டில் என்ன ஆகும் என்பதை மட்டும் யோசிக்காமல் இருந்துவிட வேண்டும்!

வானியலும் பூகோளமும்கூட நாடகத்துக்குள் வருகின்றன. சூரியனை நடுவில் வைத்துக் கோள்களைச் சுற்றவிடும் ஐரோப்பியப் பாடம் அன்றைய தஞ்சாவூருக்குப் புதுச் சரக்கு. சிருஷ்டிகரின் பெருமையைச் சொல்ல அது உதவுகிறது. கதையை நகர்த்த உதவவில்லை.

கடைசிக் கட்டம் சிரிப்புக்கானது. குறவஞ்சியில் சிங்கன் உருப்படியாக வேட்டையாடுவதில்லை. பறவை வந்து கண்ணிக்குப் பக்கத்தில் மேயும், இவன் நினைப்பெல்லாம் வீட்டுக்காரிமேல் இருக்கும். பறவைகள் பறந்துவிடும், நூவன் கேலி செய்வான். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியைப் பார்த்தவர்கள் இந்த இடத்தில் வயிறு குலுங்கியிருப்பார்கள். இந்த மரபை சாஸ்திரியார் கொடுத்த வேஷங்களின்மேல் போர்த்திப் பாருங்கள். சிங்கி விசுவாசம், சிங்கன் ஊழியக்காரன். அப்படியானால் ஆத்துமாக்களைப் பிடிக்கக் கிளம்பியவன், தன்னைவிட்டு எங்கோ போய்விட்ட விசுவாசத்தைத் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருக்கிறான் என்றாகிறது. அவளோ அதற்குள் ஊழியக்காரனுக்குத் தெரியாமலே போய்ச் சபையின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டாள். சாஸ்திரியார் இதை நினைத்துத்தான் வைத்தாரா என்பது வேறு விஷயம். பிரசங்க பீடத்திலிருந்து எந்தப் போதகரும் தன்னைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டார். கூத்தில் வேஷம் கட்டிய ஒரு குறவன் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டுப் போகலாம்.