நீள்தொகைப் பெயர்களின் அசைப்பிரிப்பும் சொற்பிரிப்பும்: திருப்பெரும்புதூர் வட்டாரப் பெயர்கள் கொண்டு ஓர் ஆய்வு

பல சொற்கள் தொக்கு ஒரு பெயராய் நிற்குமிடத்து அதனை எங்ஙனம் பிரித்தல் வேண்டும் என்பது மொழியாராய்வார்க்கும் அச்சிடுவார்க்கும் ஒருங்கே எழும் வினாவாகும். எல்லாத் தொகையும் ஒரு சொல்லாகவே நடக்கும் என்பது தொல்காப்பிய எச்சவியலின் கொள்கை. நடையால் ஒன்றாயினும் உறுப்பால் அவை பலவே. அவ்வுறுப்புக்களை அசையெல்லை கொண்டு துணியலாம் என்பார் உளர். அக்கொள்கை எத்துணைப் பொருந்தும் என்பதை, இன்று தொழிற்சாலைகளால் பெயர்பெற்று விளங்கும் திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து ஊர்ப்பெயர்கள் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண், அசை என்னும் சொல் இருபொருட்கு உரியதாதலை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஒன்று ஒலியசை, மற்றொன்று யாப்பசை. திருப்பெரும்புதூர் என்பது ஒலியசையால் தி-ருப்-பெ-ரும்-பு-தூர் என ஆறாகும். யாப்பசையாலோ திருப்-பெரும்-புதூர் என மூன்றே. மூன்றும் நிரையாதலின் கருவிளங்கனிச் சீராம். ஈண்டு யாப்பசையின் எல்லையும் சொல்லின் எல்லையும் ஒன்றி நிற்கின்றன. இவ்வொற்றுமை கண்டே அசைவழிச் சொற்பிரிக்கும் கொள்கை தோன்றியது போலும். ஆயின் இஃது இயைபால் நேர்ந்ததேயன்றி இலக்கணத்தான் அமைந்ததன்று.

அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டை என்னும் பெயரை நோக்குக. 1996-இல் ஹூண்டாய் மகிழுந்துத் தொழிற்சாலைக்குக் கால்கோள் செய்யப்பெற்ற ஊர் இது. இருமை, காடு, கோட்டை என்னும் மூன்று சொற்கள் இதன்கண் தொக்கன. இருமை ஈண்டுப் பெருமைப் பொருட்டு. யாப்பருங்கலம் முதலிய பிற்கால நூல்களின்படி அலகிடின் இருங்-காட்-டுக்-கோட்-டை என ஐந்தசையாகிச் சீரின் எல்லையையே கடக்கும். காட்டு என்னும் உறுப்பும் இரண்டாய்ச் சிதையும். தொல்காப்பியர் நேர், நிரை என்பவற்றோடு நேர்பு, நிரைபு என்பனவும் கொண்டார். உகரம் ஒற்றொடு தோன்றி நிற்றலையும் உடன்பட்டார். அவர் நெறியில் இது இருங்-காட்டுக்-கோட்-டை என நாலசையாம். காட்டு என்பது சிதையாது நேர்பசையாய் நிற்கும். உகர ஈற்றுச் சொற்கள் நிலைமொழியாய் வரும் தொகைகளில் பழைய அலகீடு சொல்லுறுப்பைப் பேணுதல் இதனாற் பெறப்படும். நேர்பு, நிரைபு அசைகளை வேண்டாத விரிவென்று தள்ளுவார் இதனை எண்ணுதல் நன்று. எனினும் அவ்வலகீட்டிலும் கோட்டை பிளவுபட்டே நிற்கின்றது. ஆகலின் எந்நெறியிலும் அசை சொற்பிரிப்பிற்கு முழுச்சான்று ஆகாது.

ஒரகடம் என்பது இதனினும் எச்சரிக்கை தருவது. ஒர-கடம் என நிரைநிரையாய் அது பிரியும். கடம் என்பதற்குக் காடு என்னும் பொருள் உண்மையின், அதனைத் தனிச்சொல்லாகக் கொண்டு பெயர்க்காரணம் கூற மனம் விரையும். அசை முடிந்தவிடத்துச் சொல்லும் முடிந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டும்.

இனி, பொருள்வேற்றுமைக்கு இடனாய பிரிப்பினைக் காண்பாம். வைணவ வழக்கில் இராமாநுசர் பிறந்த இத்தலம் பெரும்பூதூர் எனவும், வடமொழியிற் பூதபுரி எனவும் வழங்கும். பூதகணங்கள் திருமாலை வழிபட்ட இடம் என்பது தலவரலாறு. இதனால் பூதம், ஊர் எனப் பிரிப்பர். ஆயின் பூதம் என்பது ஊரொடு புணருங்கால் மகரங் கெட்டு உடம்படுமெய் பெற்றுப் பூதவூர் என வருதலே நெறி. பூதூர் என்றாதற்கு அதனை மரூஉ எனக் கொள்ளல் வேண்டும்.

புதுமை, ஊர் எனப் பிரிப்பின் இடர்ப்பாடு இல்லை. ஈறு கெட்டு, முற்றியலுகரமும் ஒரோவழிக் கெடும் என்னும் நன்னூல் விதியாற் புதூர் என்றாம். பெருமை என்பது ஈறுகெட்டு இனமிக்குப் பெரும்புதூர் ஆயிற்று. பூதூர் என்னும் நெடில் வடிவத்திற்கோ முதுமை, ஊர் என்பன மூதூர் என்றானமை நேரிய சான்று. அது போலவே ஆதி நீண்டு பூதூர் ஆதல் கூடும். எனவே நெட்டெழுத்துக் கண்ட துணையானே பூதம் உண்டு எனத் துணிதல் பொருந்தாது. இத்துணையும் கூறியதனால் தலவரலாறு பொய்த்தது என்பது எம் கருத்தன்று. சொல்வடிவம் அதற்குச் சான்றாகாது என்பதே கருத்து. இவ்வொரு மாத்திரை வேறுபாட்டால் சீரும் மாறும். பெரும்புதூர் கருவிளம், பெரும்பூதூர் புளிமாங்காய்.

இத்தகைய மயக்கம் தமிழுக்கே உரியதன்று. டச்சு மொழியும் சொற்களை இடைவெளியின்றித் தொகுப்பது. பணியாற்ற இயலாமைக்குரிய காப்புறுதியைக் குறிக்கும் ஆர்பைட்ஸ்ஒன்கஸ்கிக்ட்ஹைட்ஸ்ஃபர்சேகரிங் என்னும் அம்மொழிப்பெயர் 33 எழுத்தும் 10 ஒலியசையும் உடையது. அதன் உறுப்புக்களை இணைக்கும் ஸகரம் நம் சாரியையை ஒத்தது. அது முன்னுறுப்பின் அசையோடே சேர்ந்து நிற்கும். க்வார்ட்ஸ்லாகன் என்னும் சொல்லிலோ ஸகரம் பின்னதைச் சாரின் கால்வட்டத் திருப்பங்கள் என்றும், முன்னதைச் சாரின் படிகக்கல் அடுக்குகள் என்றும் பொருள்படும். பூதூர் என்பதன்கண் நெடில் நிற்றற்குக் காரணம் காணும் நாம் எய்தும் மயக்கமும், அவர் ஸகரத்திற்கு இடங் காணுங்கால் எய்துவதும் ஓரினத்தனவே.

இவ்வாராய்ச்சியின் பயன் ஏட்டளவில் நிற்பதன்று. பிறமாநிலத்தாரும் பிறநாட்டாரும் பல்லாயிரவராய் வந்து தொழில்புரியும் இவ்வட்டாரத்தில், ஊர்ப்பெயரை வழிகாட்டிப் பலகைகளிலேயே முதற்கண் அறிவார் மிகப் பலர். இடம் போதாமையால் இருங்காட்-டுக்கோட்டை என வரிபிளப்பின் அசை வழுவாது, சொல் வழுவும். இருங்காட்டுக்-கோட்டை என்பதே தக்கது. சொல்லெல்லையை முதலிலும், அது வாயாவிடத்து அசையெல்லையை அடுத்தும் கொள்ளுதல் முறையாம். பெயர் பிழைபடப் பிரியின் ஊரின் வரலாறும் பிழைபடப் பிரியும் என்க.